ரே வில்கின்ஸ் நிஜமாவே 'நண்டு'தானா? செல்சி கேப்டன்ல இருந்து அசிஸ்டன்ட் கோச் வரைக்கும்

நீலக்கொடி:
போன வாரம் மான்செஸ்டர் யுனைடெட் மிட்ஃபீல்டரா இருந்த கேரிக் பத்தின இழைல ஒருத்தர் போறபோக்குல "நண்டு வில்கின்ஸ் மாதிரி சைடு பாஸ் போட்டே காலத்த ஓட்டினவன்"னு எழுதிட்டு போயிட்டாரு. அத படிச்சதுல இருந்து மனசு ஆறல. அவர் ஆடி நேர்ல பாக்காத ஆளுங்கதான் நம்மள்ல முக்காவாசி, வில்கின்ஸ்னா நமக்கு தெரிஞ்சது ரெண்டே விஷயம், ஒண்ணு யுனைடெட் மேனேஜரா இருந்த ரான் அட்கின்சன், பந்த பக்கவாட்டுலயே தள்றாருன்னு வச்ச 'நண்டு'ங்கற பட்டப்பேரு, இன்னொண்ணு 86 உலகக்கோப்பைல வாங்கின ரெட் கார்டு. அதுக்கு நடுவுல ஒரு பெரிய வாழ்க்கையே இருக்கு, அத எழுதாம தூக்கம் வராது.

1956 செப்டம்பர்ல ஹில்லிங்டன்ல பொறந்தவரு. அப்பா ஜார்ஜ் ப்ரொஃபஷனல் ப்ளேயர், அண்ணன் கிரஹாமும் செல்சிலதான், தம்பி டீன் பின்னாடி பிரைட்டன்ல. வீடே பந்து வீடு. 1973ல 17 வயசுல செல்சிக்கு மொத மேட்ச். 1975ல எடி மெக்ரீடி மேனேஜரா வந்ததும் 18 வயசு பையன் கைல கேப்டன் பட்டைய கட்டிட்டாரு. 18 வயசு! அப்ப கிளப் நெலம என்னன்னா, ஈஸ்ட் ஸ்டாண்ட் கட்டுறேன்னு கழுத்து வரைக்கும் கடன், ப்ளேயர் வாங்க காசு கெடயாது, அந்த சீசனே ரெண்டாவது டிவிஷனுக்கு எறங்கிட்டாங்க. அகாடமி பசங்கள வச்சு 1977ல திரும்ப மேல ஏத்தினாங்க, அந்த பசங்களுக்கு தலைவன் இவரு. 79ல திரும்ப எறங்கினப்பதான் யுனைடெட்டுக்கு வித்தாங்க. செல்சிக்காக 198 மேட்ச், 34 கோல். நண்டு போடுற கணக்கா இது?

சிவப்புப்பேய்:
கேரிக் இழைல எழுதினது நான்தான். உங்கள புண்படுத்தணும்னு எழுதல பாஸ், ஆனா சொன்னத வாபஸ் வாங்கவும் மாட்டேன். செல்சில 34 கோல் சரி. யுனைடெட்ல 5 சீசன், 194 மேட்ச், எத்தன கோல்? பத்து. எங்க அப்பா பழைய கேசட்ல போட்டு காட்டுவாரு, பந்து வரும், பக்கத்துல இருக்கறவனுக்கு போவும், திரும்ப வரும், இந்த பக்கம் இருக்கறவனுக்கு போவும். 1981ல ப்ரையன் ராப்சன 15 லட்சம் பவுண்டு குடுத்து எதுக்கு வாங்கினாங்க? முன்னாடி ஓட ஆள் இல்லாமத்தான?

ஆனா ஒண்ணு, 83 எஃப்ஏ கப் ஃபைனல் கோல மட்டும் கொற சொல்லவே மாட்டேன். பிரைட்டனோட, வலது பக்கத்துல இருந்து உள்ள வெட்டி வந்து தூரத்துல இருந்து வளச்சு விட்டாரு பாருங்க, தூர போஸ்ட் ஓரமா உள்ள. அந்த மேட்ச் 2-2, ரீப்ளேல 4-0.

கோச்சிங் செல்வம்:
//முன்னாடி ஓட ஆள் இல்லாமத்தான?//
இங்கதான் தப்பு பண்றீங்க தம்பி. ராப்சன் முன்னாடி ஓடணும்னா பின்னாடி ஒருத்தன் நிக்கணும். ராப்சன் பெனால்டி ஏரியாவுக்குள்ள போயி தலையால முட்டுறதுக்கு தெனமும் ஒருத்தன் எடத்த காத்துக்கிட்டு நின்னான், அவன் பேரு வில்கின்ஸ். சைடு பாஸ்ங்கறது பயந்தவன் பாஸ் இல்ல. எதிரி டீம ஒரு பக்கம் இழுத்து, அவங்க நகர்ந்ததும் காலியான பக்கத்துக்கு பந்த மாத்துறது, இதுக்கு பேருதான் கேம் நடத்துறது. பசங்களுக்கு சொல்லிக் குடுக்கறதுலயே கஷ்டமான விஷயம் இதுதான், ஏன்னா எல்லாருக்கும் உடனே முன்னாடி அடிக்கணும், வெளிய நிக்கற அப்பா அம்மாவும் "அடி அடி"ன்னுதான் கத்துவாங்க.

1984ல அதே யுனைடெட் ரசிகருங்க அவர வருஷத்தோட சிறந்த ப்ளேயரா தேர்ந்தெடுத்தாங்க, அதயும் உங்க அப்பா கிட்ட கேளுங்க. அதே வருஷம்தான் ஏசி மிலான் 15 லட்சம் பவுண்டு குடுத்து தூக்கிட்டு போச்சு. இத்தாலிக்காரனுக்கு சைடு பாஸோட அருமை தெரியும்.

மாலதி 80:
இப்பதான் பாத்தேன் இழைய, நல்ல வேளை யாராச்சும் எழுதினீங்களே. பெல்ஜியம் கோல் பத்தி இன்னும் யாரும் பேசல, அதுக்குத்தான் லாகின் பண்ணேன்.

1980 யூரோ, டூரின். பெல்ஜியம் டிஃபென்ஸ் ஆஃப்சைடு ட்ராப்புக்கு பேர் போனது, எல்லாரும் ஒரே கோட்டுல கெளம்பி வெளிய ஓடி வருவாங்க. வில்கின்ஸ் கிட்ட பந்து வருது, அவங்க ஓடி வர்றாங்க, இவரு மெதுவா அவங்க தலைக்கு மேல தூக்கி போட்டுட்டு அவரே அவங்கள தாண்டி ஓடுறாரு. அவரே போட்ட பந்துக்கு அவரே ஓடினா எப்படி ஆஃப்சைடு? பந்து கீழ வந்ததும் கோல்கீப்பர் ஃபாஃப் முன்னாடி வர்றாரு, அவரு தலைக்கு மேலயும் ஒரு லாப். ரெண்டு தடவ தூக்கி ஒரு கோல். அந்த சமயத்துல ஒரு மனுஷனோட மூளை எவ்ளோ அமைதியா இருந்திருக்கும்னு யோசிச்சு பாருங்க. கொஞ்ச நேரத்துல பெல்ஜியம் சமன் பண்ணிட்டாங்க, கேலரில அடிதடி, போலீஸ் கண்ணீர்ப்புகை குண்டு போட்டு மேட்ச்சே நின்னுச்சு, அந்த கலவரத்துல இந்த கோல பத்தி பேசறதுக்கு ஆளில்லாம போச்சு. இங்கிலாந்துக்கு 84 மேட்ச்ல அவர் போட்டது மொத்தமே 3 கோல், அதுல ஒண்ணு இது.

சிவப்புப்பேய்:
மாலதி அக்கா, அந்த கோல இப்பதான் தேடி பாத்தேன். ஒத்துக்கறேன். இத பாக்காமயே இவ்ளோ நாள் பேசியிருக்கேன்.

ஆனா 86 ரெட் கார்டு? இங்கிலாந்து வரலாற்றுல உலகக்கோப்பைல ரெட் கார்டு வாங்கின மொத ஆளு. அமைதியான மூளைன்னா அங்க எங்க போச்சு?

நீலக்கொடி:
மான்ட்டெர்ரேல மொராக்கோவோட மேட்ச். கொதிக்கிற வெயிலு. மொத மேட்ச்ல போர்ச்சுகல் கிட்ட தோத்துட்டு வந்திருக்காங்க. ஹாஃப் டைமுக்கு முன்னாடி ராப்சனுக்கு தோள்பட்டை திரும்பவும் எறங்கி அவரு வெளிய போறாரு, அவரு போயி கொஞ்ச நேரத்துலயே இவரு ஏற்கனவே ஒரு மஞ்சள் கார்டோட ரெஃப்ரி பக்கம் பந்த வீசறாரு, அவ்ளோதான் சிவப்பு. தப்புதான், அதுல ரெண்டு பேச்சே இல்ல. பத்து பேர வச்சு 0-0க்கு தாக்கு புடிச்சாங்க. அந்த உலகக்கோப்பைல அதுக்கப்புறம் அவரு ஆடவே இல்ல, அடுத்த மேட்ச்ல போலந்த லினேக்கர் மூணு கோல் போட்டு சாய்ச்சாரு, டீம் வேற மாதிரி செட் ஆயிடுச்சு, அந்த வருஷ கடைசியோட அவரோட இங்கிலாந்து கணக்கும் முடிஞ்சிடுச்சு. பத்து வருஷம், 84 மேட்ச், அதுல பத்துல கேப்டன். அத்தனையும் ஒரு பந்து வீச்சுக்குள்ள சுருங்கிடுச்சுங்கறதுதான் எனக்கு தாங்கல.

கோச்சிங் செல்வம்:
மிலான் பத்தி கொஞ்சம் எழுதறேன், ஏன்னா அசிஸ்டன்ட் கோச் வில்கின்ஸ புரிஞ்சுக்கணும்னா மிலான புரிஞ்சுக்கணும். 84ல ஸ்ட்ரைக்கர் மார்க் ஹேட்லியும் இவரும் சேர்ந்து போனாங்க. அப்ப மிலான் இப்ப நாம நெனக்கற மிலான் இல்ல, ரெண்டு தடவ கீழ் டிவிஷனுக்கு போயிட்டு வந்த டீம், பெர்லுஸ்கோனி வாங்கினதே 86லதான். பரேசி இருக்காரு, 85 ஜனவரில மால்டினிங்கற 16 வயசு பையன் மொத மேட்ச் ஆடறான். வெளிநாட்டுல போயி மொழி தெரியாம ஒரு வருஷத்துல ஊர் திரும்பின இங்கிலாந்து ப்ளேயருங்க எத்தன பேரு? இவரு 3 வருஷம் இருந்தாரு, இத்தாலி மொழிய ஒழுங்கா கத்துக்கிட்டாரு. 100 மேட்சுக்கு மேல ஆடினாரு.

87 கோடைல இவரு கெளம்பறாரு. அதே கோடைல ரோமால இருந்து மிலானுக்கு ஒரு மிட்ஃபீல்டர் வர்றாரு, பேரு கார்லோ அன்செலோட்டி. இவரு காலி பண்ணிட்டு போன நடு மைதானத்துல அவரு வந்து நின்னாரு. 22 வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் செல்சில ஒரே பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல உக்காந்தாங்க.

பார்வையாளன் 7:
இங்க சும்மா படிக்க மட்டும் வர்ற ஆளு நான். கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் காலத்த விட்டுட்டீங்களே. மிலானுக்கு அப்புறம் பாரிஸ்ல கொஞ்ச மாசம், சரிப்படல, 87 நவம்பர்ல அங்க மேனேஜரா இருந்த சூனஸ் கூப்பிட்டு ரேஞ்சர்ஸ் போனாரு. 88 ஆகஸ்ட்ல அதே ஊர் எதிரி செல்டிக்கோட டெர்பி, மொத கோல் செல்டிக்குக்கு, மெக்காய்ஸ்ட் சமன் பண்றாரு, அப்புறம் ஏரியாவுக்கு வெளிய தெறிச்சு வந்த பந்த வில்கின்ஸ் தரைல விழ விடாம அடிச்சாரு பாருங்க. கடைசில 5-1. அந்த சீசன் லீக் கப்பும் லீக்கும் ரெண்டும் ரேஞ்சர்ஸுக்கு. 89 நவம்பர்ல குடும்பத்தோட லண்டனுக்கு திரும்பணும்னு கெளம்பினப்ப ரேஞ்சர்ஸ் மைதானம் ஐப்ராக்ஸே எழுந்து நின்னு கைதட்டுச்சு, அவரு அழுதுட்டாரு. ஒரு இங்கிலாந்துக்காரனுக்கு கிளாஸ்கோல அப்படி ஒரு வழியனுப்பு கெடச்சுதுன்னா அது லேசுப்பட்ட விஷயம் இல்ல.

அதுக்கப்புறம் ஆடின லண்டன் கிளப் க்யூபிஆரும் (குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்) சேத்துக்கோங்க, 92-93ல பிரீமியர் லீக் ஆரம்பிச்ச மொத சீசன்ல க்யூபிஆர் 5வது எடம், லண்டன் டீமுங்கள்லயே மேல. நடுவுல 36 வயசு வில்கின்ஸ்.

சிவப்புப்பேய்:
க்யூபிஆர்ல ப்ளேயர்-மேனேஜர் ஆனதும் என்னாச்சுன்னும் சொல்லுங்களேன். ஸ்ட்ரைக்கர் லெஸ் ஃபெர்டினாண்ட 60 லட்சம் பவுண்டுக்கு நியூகாசிலுக்கு வித்தாங்க, அந்த எடத்துக்கு தன்னோட பழைய கூட்டாளி ஹேட்லிய கூட்டிட்டு வந்தாரு, 96ல டீம் கீழ போச்சு. ஃபுல்ஹாம்ல 98ல ப்ளேஆஃப்புக்கு முன்னாடியே வேலை போச்சு, அவருக்கு மேல இருந்த கீகன் தானே எடுத்துக்கிட்டாரு. ஜோர்டன் நேஷனல் டீம கூட்டிட்டு 2015 ஆசியக் கோப்பைக்கு போனாரு, பாலஸ்தீனத்த 5-1 ஜெயிச்சாங்க, ஈராக் கிட்டயும் ஜப்பான் கிட்டயும் தோத்து க்ரூப்லயே வெளிய. தனியா டீம நடத்துற ஆளு இல்ல அவரு. இத மட்டும் ஒத்துக்கோங்க.

கோச்சிங் செல்வம்:
ஒத்துக்கறேன் தம்பி. அதத்தான் நானும் சொல்ல வர்றேன். தனியா நடத்துற வேலை வேற, ரெண்டாவது ஆளா நிக்கற வேலை வேற, ரெண்டாவது ஆளுங்கறது மொத ஆளா வர முடியாதவன் உக்கார்ற நாற்காலி இல்ல. நான் ஒரு ஸ்கூல் டீமுக்கு 6 வருஷமா ரெண்டாவது கோச், அனுபவத்துல சொல்றேன். ஹெட் கோச் பதினொரு பேர் லிஸ்ட்ட சுவத்துல ஒட்டிட்டு போயிடுவாரு. லிஸ்ட்ல பேர் இல்லாத பையன் மொகத்த பாக்கறது யாரு? அவன் அடுத்த நாள் ப்ராக்டீஸுக்கு வர்ற மாதிரி பேசறது யாரு? போன வருஷம் ஒரு பையன் ரெண்டு மாசம் பெஞ்சுல உக்காந்துட்டு பூட்ஸ கழட்டி என் கைல குடுத்துட்டான், "வேணாம் சார்"னு. அன்னைக்கு அவன் வீடு வரைக்கும் கூட நடந்து போனேன், பந்து பத்தி ஒரு வார்த்த பேசல. மறுநாள் வந்தான். இதெல்லாம் ஸ்கோர் போர்டுல வராது.

வில்கின்ஸ் யாரு யாருக்கு பக்கத்துல நின்னிருக்காருன்னு பாருங்க. செல்சில வியாலி, அப்புறம் வாட்ஃபோர்டுலயும் அதே வியாலி. மில்வால்ல டென்னிஸ் வைஸ், அந்த டீம் 2004 எஃப்ஏ கப் ஃபைனல் வரைக்கும் வந்துச்சு. இங்கிலாந்து அண்டர் 21. 2008 செப்டம்பர்ல ஸ்டீவ் கிளார்க் போனதும் செல்சில ஸ்கோலாரிக்கு, அப்புறம் ஹிடிங்க்குக்கு, அப்புறம் அன்செலோட்டிக்கு. பிரேசில்காரர், டச்சுக்காரர், இத்தாலிக்காரர், மூணு பேரும் வேற வேற பள்ளிக்கூடம். ட்ரெஸ்ஸிங் ரூம்ல டெர்ரி, லாம்பார்ட், ட்ரோக்பான்னு பெரிய தலைங்க. ஒவ்வொரு தடவ மேல ஆள் மாறும்போதும் அந்த பக்கமும் இந்த பக்கமும் பந்த மாத்தி குடுத்துக்கிட்டு நடுவுல நின்னது இவருதான். மைதானத்துல என்ன பண்ணாரோ அதையேதான் பெஞ்சுலயும் பண்ணாரு.

நீலக்கொடி:
செல்வம் அண்ணே, இதத்தான் எனக்கு சொல்லத் தெரியாம மொதல்ல இருந்து முட்டிக்கிட்டு இருந்தேன்.

ஸ்கோலாரிய 2009 பிப்ரவரில அனுப்பினதும் ஒரே ஒரு மேட்ச் இவர் கைல வந்துச்சு, வாட்ஃபோர்டோட எஃப்ஏ கப். பின்தங்கி நின்னு 3-1 ஜெயிச்சாங்க, அனெல்கா மூணு. அதே கப்ப ஹிடிங்க் வந்து மே மாசம் தூக்கினாரு.

அடுத்த சீசன் நான் காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தேன், ஒரே டிவி, ஈஎஸ்பிஎன் வச்சா கிரிக்கெட் பசங்க ரிமோட்ட புடுங்குவாங்க. அந்த சீசன் முழுக்க கேமரா பெஞ்ச் பக்கம் திரும்பறப்பல்லாம் அன்செலோட்டி புருவத்த தூக்கிட்டு நிப்பாரு, பக்கத்துல மொட்டத் தல வில்கின்ஸ் குனிஞ்சு அவர் காதுல ஏதோ சொல்லிட்டு இருப்பாரு. லீக்ல 103 கோல், கடைசி நாள் விகான 8-0, அடுத்த வாரம் எஃப்ஏ கப் ஃபைனல்ல போர்ட்ஸ்மவுத்த ட்ரோக்பா ஃப்ரீகிக்ல 1-0. லீக்கும் கப்பும் ஒரே சீசன்ல, செல்சி வரலாற்றுலயே மொத டபுள். அன்செலோட்டியே எழுதி வச்சிருக்காரு, ரே இல்லன்னா நாங்க எதயும் ஜெயிச்சிருக்க மாட்டோம்னு.

2010 நவம்பர் 11. ரிசர்வ் டீம் மேட்ச் பாத்துக்கிட்டு இருக்காரு, ஹாஃப் டைம்ல கூப்பிட்டு வேலை முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாங்க. டீம் அப்ப லீக்ல மொத எடம். 18 வயசுல கடன்ல மூழ்கின கிளப்ப தூக்கி நிறுத்தின பையனுக்கு அதே கிளப் குடுத்த மரியாத. மூணு நாள் கழிச்சு சொந்த மைதானத்துல சண்டர்லாண்ட் கிட்ட 0-3. நான் செல்சி ரசிகன், ஆனா அந்த நவம்பர இன்னைக்கும் மன்னிக்க முடியல.

சிவப்புப்பேய்:
சண்டை போட வரல, ஆனா கணக்கு சரியா இருக்கணும். அந்த சமயம் லாம்பார்ட் ஆகஸ்ட்ல இருந்தே காயம், டெர்ரிக்கும் முடியல, ட்ரோக்பாவுக்கு மலேரியா. ஆகஸ்ட்ல வெஸ்ட்ப்ராம், விகான் ரெண்டு பேரையும் ஆறு ஆறுன்னு அடிச்ச டீம் அப்ப பாதி ஆஸ்பத்திரில இருந்துச்சு. வில்கின்ஸ் போனதாலதான் சரிஞ்சாங்கன்னு சொல்ல முடியாது.

கோச்சிங் செல்வம்:
முழுசா சொல்ல முடியாதுதான். ஆனா பாதி டீம் படுத்துக்கெடக்கற நேரத்துலதான் மிச்ச பாதிய புடிச்சு வைக்க ஒரு ஆள் தேவ. எதிரி டீமுங்கள நோட்டம் விடற வேலைல இருந்த எமெனாலோவ அந்த எடத்துல போட்டாங்க, ப்ளேயருங்களுக்கு அவர் மேல அந்த பிடிப்பு எப்படி ஒரே நாள்ல வரும்? அன்செலோட்டி கேட்டு நடந்த மாத்தம் இல்ல அது, மேலயிருந்து வந்தது. கடைசில ரெண்டாவது எடம், உங்க யுனைடெட்டுக்குத்தான் லீக் போச்சு. மே மாசம் எவர்டன் மைதானத்துலயே அன்செலோட்டியயும் அனுப்பிட்டாங்க.

பார்வையாளன் 7:
அவரோட கடைசி வருஷங்கள பத்தி எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். குடிப்பழக்கம் இருந்துச்சு, குடல் நோய், மன அழுத்தம் எல்லாம் இருந்துச்சு, வண்டிய குடிச்சிட்டு ஓட்டி 2016ல 4 வருஷம் லைசென்ஸ் போச்சு. அது தப்பு, ஆனா அவரு அத ஒளிச்சு வைக்கல, எனக்கு உதவி வேணும்னு வெளிய சொன்னாரு. எங்க வீட்டுலயும் இதே நோயோட ஒருத்தர் போராடினாரு, வெளிய சொல்றதுக்கு எவ்ளோ தைரியம் வேணும்னு பக்கத்துல இருந்து பாத்தவன் நான். அதனால இந்த ஒரு விஷயத்த வச்சு யாரும் அவர லேசா பேசிடாதீங்க, கேட்டுக்கறேன்.

2018 ஏப்ரல் 4ல போயிட்டாரு, 61 வயசு. அவரு போனப்புறம் லண்டன் ரேடியோ ஒண்ணுக்கு ஒரு முன்னாள் ராணுவ வீரர் ஃபோன் பண்ணாரு. வீடில்லாம வெஸ்ட் ப்ராம்ப்டன் ஸ்டேஷன் வெளிய உக்காந்திருந்த காலத்துல வில்கின்ஸ் வந்து அட்டைல அவர் பக்கத்துலயே உக்காந்து பேசியிருக்காரு, 20 பவுண்டு குடுத்து, டீ வாங்கி குடுத்துட்டு போயிருக்காரு. அந்த காசுலதான் அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல தங்கினாராம், அங்க கெடச்ச உதவில வாழ்க்கையே மாறிடுச்சாம். அந்த ஆடியோவ கேட்டுட்டு ரொம்ப நேரம் எதுவும் பேச முடியல என்னால.

சிவப்புப்பேய்:
அந்த ஆடியோவ நானும் இப்பதான் கேட்டேன்.

கேரிக் இழைல எழுதின வரிய எடிட் பண்ணிட்டேன். பத்து கோல்தான்ங்கறது உண்மை, அத மாத்த முடியாது, நண்டுங்கறத மட்டும் எடுத்துட்டேன்.

மாலதி 80:
நல்லது தம்பி. ஒரு சந்தேகம், 83 ஃபைனல் கோல் வலது கால்னுதான் என் ஞாபகம், எங்க வீட்டுல இடது கால்னு ஒரே சண்ட. யுனைடெட்காரர் நீங்கதான் சொல்லணும்.

சிவப்புப்பேய்:
அப்பாவ எழுப்பி கேசட் போட வச்சு பாத்துட்டேன் அக்கா. வலது பக்கத்துல இருந்து உள்ள வெட்டி இடது கால்ல அடிக்கறாரு. அடிச்சதும் ரசிகருங்க பக்கமா ஓடுறாரு, ரெண்டு கையயும் விரிச்சுக்கிட்டு. அப்பா மூணு தடவ ரீவைண்ட் பண்ணிட்டாரு, இப்ப அந்த மேட்ச முழுசா பாக்கணுமாம்.